கோவையில் 14 லட்சம், பெங்களூரில் 24 லட்சம், துபாயில் 14,000 திர்ஹாம்: எதில் மிச்சம் அதிகம்?

ஒரே ஆளுக்கு மூன்று ஊரிலிருந்து வேலைக் கடிதம் வந்தால் பலரும் முதலில் செய்வது, எல்லாவற்றையும் ரூபாயாக்கிப் பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்வதுதான். துபாயின் 14,000 திர்ஹாமை 24 ரூபாயால் பெருக்கினால் மாதம் 3,36,000 வருகிறது. கோவை வேலையில் கைக்கு வருவது ஒரு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

விலைவாசிக் குறியீட்டை நம்புகிறவர்கள் இதற்கு நேர்மாறாகப் போவார்கள். ஊர்களின் விலைகளை ஒப்பிடும் தளத்தில் இரண்டு பெயரைத் தட்டி, 'இங்கே ஒரு லட்சம் என்றால் அங்கே இத்தனை லட்சத்துக்குச் சமம்' என்று வரும் விடையை எடுத்துக்கொண்டு, வெளியூர்ச் சம்பளமெல்லாம் வெறும் மாயை என்று முடித்துவிடுவார்கள்.

இரண்டு கணக்கும் பாதிதான் சரி. சம்பளத்தை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். வேலை பார்க்கும் ஊரிலேயே செலவாகும் பகுதிக்கு அந்த ஊர் விலைதான் அளவுகோல். அதை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. மிச்சமாகும் பகுதிக்கு நாணய மாற்று விகிதமும், அந்தப் பணம் கடைசியில் எந்த ஊரில் செலவாகப் போகிறதோ அந்த ஊரின் விலையும்தான் அளவுகோல். முதல் கூட்டம் செலவாகும் பகுதியையும் ரூபாயாக்கி மகிழ்கிறது. இரண்டாவது கூட்டம், ஊருக்கு அனுப்பப்போகிற மிச்சத்தையும் துபாய் விலையில் சுருக்கிவிடுகிறது.

கீழே உள்ள கணக்குகள் கணவன், மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தை உள்ள குடும்பத்துக்கு. முதலில் ஒருவர் மட்டும் சம்பாதிப்பதாக வைத்துக்கொள்வோம். வரியும் பிடித்தமும் விதிப்படி போட்டவை. வாடகை, பள்ளி, மளிகை ஆகியவை நடுத்தரமாக எடுத்துக்கொண்ட எண்கள். அந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோவை: சிடிசி 14 லட்சம்

சிடிசி என்பது சம்பளம் அல்ல, உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 7 லட்சம் என்று வைத்தால், நிறுவனத்தின் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பங்கு 12% என்ற கணக்கில் 84,000 ரூபாயும், கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81% என்ற கணக்கில் 33,670 ரூபாயும் அந்த 14 லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மீதி 12,82,330. இதில் நிலையான கழிவு 75,000 போக, வரிக்குரிய வருமானம் 12,07,330.

2025-26 நிதியாண்டின் புதிய வருமான வரி முறைப்படி 12 லட்சம் வரை வரி இல்லை. சற்றே தாண்டுகிறவர்களுக்கு விளிம்புச் சலுகை உண்டு: 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வந்ததோ அதைவிட அதிகமாக வரி போகாது. ஆகவே வரி 7,330. அதன்மேல் 4% செஸ் (வரியின்மேல் வரி) சேர்த்து 7,623. உங்கள் பிஎஃப் பங்கு 84,000, தொழில் வரி அதிகபட்சமாக 2,500. எல்லாம் போக ஆண்டுக்கு 11,88,207, அதாவது மாதம் 99,000.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. இந்தச் சம்பளத்தில் 50,000 ரூபாய் உயர்வு கேட்டு வாங்கினால் வரி செஸ்ஸோடு 59,623 ஆகிவிடும். கூடுதலாகக் கட்டுவது 52,000. உயர்வு வாங்கியும் 2,000 ரூபாய் நட்டம்! வரிக்குரிய வருமானம் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டும் வரை இந்தக் கூத்து தொடரும். அந்த 50,000 ரூபாயை நிறுவனத்தின் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) பங்காகப் போடச் சொல்வது புத்திசாலித்தனம். பேசிக்கில் 14% வரை அதற்குப் புதிய முறையிலும் வரி இல்லை. பல ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் எடுக்க முடியாது என்பதுதான் அதன் விலை.

செலவுக்கு வருவோம். சரவணம்பட்டி அல்லது பீளமேடு பக்கம் இரண்டு படுக்கையறை வீடு 16,000, பள்ளியும் வேனும் 10,000, மளிகை, காய்கறி, பால் 18,000, கரண்ட், கேஸ், இணையம் 4,000, பெட்ரோல் 5,000, மருத்துவமும் மற்றதும் 8,000, ஊருக்குப் போய்வர 2,000. மொத்தம் 63,000. கையில் மிச்சம் 36,000. பிஎஃப்பில் இரண்டு பங்கும் சேர்ந்து மாதம் 14,000. அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போகும் என்பதைக் கழிக்காமல் விட்டால், ஆக மிச்சம் 50,000.

பெங்களூரு: சிடிசி 24 லட்சம்

பேசிக் 12 லட்சம். நிறுவனத்தின் பிஎஃப் 1,44,000, கிராஜுவிட்டி 57,720. 24 லட்சத்தில் 10% 'வேரியபிள்', அதாவது 2,40,000 ரூபாய் ஆண்டு முடிவில் மதிப்பீட்டைப் பொறுத்து வரும், அல்லது குறையும். அது முழுவதும் வந்தால் மொத்தம் 21,98,280, வரி 2,40,053. பிஎஃப்பும் தொழில் வரியும் போக ஆண்டுக்கு 18,11,727. மாதச் சராசரி 1,51,000.

ஆனால் மாதாமாதம் வங்கிக்கு வருவது அந்தத் தொகை அல்ல. வேரியபிளைத் தள்ளிப் பார்த்தால் சுமார் 1,35,700தான். வீட்டு வாடகையையும் இஎம்ஐயையும் இந்த இரண்டாவது எண்ணை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 24 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 2 லட்சம் என்று மனதில் பதித்துக்கொண்டு வீடு பார்க்கப் போகிறவர்கள்தான் ஆறாவது மாதம் கிரெடிட் கார்டுக் கடனில் நிற்பார்கள்.

ஒயிட்ஃபீல்ட், பெல்லந்தூர் பக்கம் வாடகையும் பராமரிப்பும் 42,000. பள்ளியும் வேனும் 20,000. மளிகை 22,000, வீட்டு வேலைக்கு ஆள் 5,000, கரண்ட், தண்ணீர், இணையம் 5,000, போக்குவரத்து 10,000, மற்றவை 12,000, தமிழ்நாட்டுக்கு வந்துபோக 6,000. மொத்தம் 1,22,000. வேரியபிள் முழுதாக வந்தால் கையில் மிச்சம் 29,000. பிஎஃப் 24,000. ஆக 53,000.

பத்து லட்சம் கூடுதல் சம்பளம் மாதத்துக்கு 3,000 ரூபாய் மிச்சமாகச் சுருங்கிவிட்டது. அதுவும் பிஎஃப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. கையில் புழங்கும் மிச்சம் கோவையைவிடக் குறைவு. வேரியபிள் பாதிதான் வந்தது என்றால் மொத்தக் கணக்கிலும் கோவையே முந்திவிடும்.

குடிமாறும் செலவு இன்னும் கணக்கில் வரவில்லை. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 38,000, லாரிக்கு 20,000, பள்ளிச் சேர்க்கைக் கட்டணம் 50,000 என்றால் 1,08,000 திரும்பி வராத பணம். மாதம் 3,000 மிச்சத்தில் இதை ஈடுகட்டவே மூன்று ஆண்டு ஆகும். அட்வான்ஸ் தனி. பத்து மாத வாடகை கேட்டது பெங்களூரின் பழைய வழக்கம். இப்போது ஐந்தாறு மாதத்தில் படிகிறது. ஆறு மாதம் என்றால் 2,28,000 ரூபாய் வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடக்கும். வைப்பு நிதியில் 7% என்று பார்த்தால் ஆண்டுக்கு 16,000 ரூபாய் போயிற்று. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது அங்கே எழுதப்படாத சட்டம். ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால் பேச இடமே இல்லை.

இதையெல்லாம் வைத்துப் 'பெங்களூரு வேண்டாம்' என்று முடிவுகட்டுவதும் தவறு. இதே எண்களைக் கல்யாணமாகாத ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். கோவையில் அவருடைய செலவு 30,000. பெங்களூரில் மூன்று பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் 50,000. மிச்சம், பிஎஃப்போடு சேர்த்து, கோவையில் 83,000, பெங்களூரில் 1,25,000. சந்தேகமே இல்லாமல் பெங்களூரு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கும் அதே தீர்ப்புதான். வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஒரு சம்பளத்தில் அடைபட்டுவிடுவதால் இரண்டாவது சம்பளம் ஏறக்குறைய முழுவதும் மிச்சம். பெரிய நகரம் ஒற்றைச் சம்பளக் குடும்பத்தைத்தான் கசக்கும்.

சம்பள வளர்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெங்களூரில் வேலை மாற நிறுவனங்கள் அதிகம். 24 லட்சம் மூன்று ஆண்டில் 34 லட்சமாகும்போது வாடகை அதே வேகத்தில் ஏறாது. கோவையில் அடுத்த படிக்கு மாறக் கதவுகள் குறைவு. வயது முப்பதுக்குள் என்றால் இந்த ஒரு காரணமே போதுமானது. நாற்பதைத் தாண்டியவருக்கு அவ்வளவு கனமில்லை.

மிச்சத்தை எதில் அளப்பது

கோவையில் 50,000, பெங்களூரில் 53,000 என்றால் இரண்டும் சமம்போலத் தெரியும். சம்பளம் நின்றுபோனால் அந்த மிச்சம் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் கதை மாறும். கோவைக் குடும்பத்தின் மாதச் செலவு 63,000. ஒவ்வொரு மாத உழைப்பும் 0.8 மாதச் செலவைச் சேர்த்து வைக்கிறது. பெங்களூருக் குடும்பத்தின் செலவு 1,22,000. அங்கே ஒரு மாத உழைப்பு சேர்ப்பது 0.43 மாதம். கிட்டத்தட்ட ஒரே தொகை, பாதிச் சுதந்திரம்.

எல்லா வேலைகளையும் எடைபோட நல்ல தராசு இதுதான்: ஒரு மாத மிச்சத்தைக் கடைசியில் வாழப்போகும் ஊரின் ஒரு மாதச் செலவால் வகுங்கள். பெங்களூரிலேயே தங்கிவிடுவதாக இருந்தால் கோவை 14 லட்சத்துக்கு ஈடாகச் சுமார் 32 லட்சம் வேண்டும். 32 லட்சத்தில் கைக்கு வருவது 1,90,000, பிஎஃப் 32,000, மிச்சம் ஒரு லட்சம், விகிதம் 0.82. பத்து ஆண்டு கழித்துக் கோவைக்கே திரும்புகிற எண்ணம் என்றால் 24 லட்சமே சமமாகிவிடும். எங்கே வீடு வாங்கப் போகிறோம் என்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு வேலையை மட்டும் ஒப்பிட்டால் விடை கிடைக்காமல் இழுத்துக்கொண்டே போவது இதனால்தான்.

வகுத்து வரும் விகிதம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மடிக்கணினி, கைபேசி, விமான டிக்கெட், வெளிநாட்டுப் படிப்பு போன்றவற்றின் விலை கோவைக்காரருக்கும் துபாய்க்காரருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. ஏற்கெனவே வாங்கிய கடனும் அப்படித்தான். 40 லட்சம் வீட்டுக் கடன், 8.5% வட்டி, 20 ஆண்டு என்றால் இஎம்ஐ 34,713. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் அது மாறாது. அப்படிப்பட்ட கடன் கழுத்தில் இருக்கும்போது விகிதத்தைவிட மொத்த மிச்சத் தொகைதான் பேசும்.

துபாய்: மாதம் 14,000 திர்ஹாம்

ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. 14,000 என்றால் 14,000 கைக்கு வரும். இந்தக் கவர்ச்சியில்தான் பலர் செலவுப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

குடும்பத்தோடு போனால்: குசைஸ், அல் நஹ்தா பக்கம் ஒரு படுக்கையறை வீடு ஆண்டுக்கு 65,000 திர்ஹாம், மாதம் 5,400. வாடகையில் 5% வீட்டு வரியாகத் தேவா (துபாய் மின்சார, குடிநீர் வாரியம்) பில்லோடு சேர்ந்து வரும், மாதம் 270. கரண்டும் தண்ணீரும் 500, இணையம் 350, இந்தியப் பாடத்திட்டப் பள்ளியும் பஸ்ஸும் 1,700, மளிகை 2,000, போக்குவரத்து 800, போன் 200, குடும்பத்தின் விசா, காப்பீடு மாதத்துக்குப் பிரித்தால் 400, ஆண்டு விடுமுறை டிக்கெட் 375, மற்றவை 1,000. கூட்டினால் 12,995. மிச்சம் 1,005 திர்ஹாம், அதாவது 24,000 ரூபாய். பேசிக் 7,000 என்றால் ஆண்டுக்கு 21 நாள் பேசிக் கிராஜுவிட்டியாகச் சேரும். அது ஆண்டுக்கு 4,900 திர்ஹாம், மாதத்துக்கு 9,800 ரூபாய். ஆக 34,000.

கோவையின் 50,000 ரூபாயைவிடக் குறைவு. 3,36,000 ரூபாய்ச் சம்பளம் 99,000 ரூபாய்ச் சம்பளத்திடம் தோற்கிறது!

அதே ஆள் குடும்பத்தைக் கோவையில் விட்டுவிட்டுத் தனியாகப் போனால் என்ன ஆகிறது? பகிர்ந்துகொள்ளும் அறையில் 1,500, சாப்பாடு 900, மெட்ரோ 350, போன் 200, மற்றவை 850. மொத்தம் 3,800. மிச்சம் 10,200 திர்ஹாம், 2,44,800 ரூபாய். வீட்டுச் செலவுக்கு 55,000 அனுப்பினாலும், கிராஜுவிட்டியோடு சேர்த்து மாதம் 2 லட்சம் சேரும். கோவைச் செலவால் வகுத்தால் 3.2. ஒரு மாத உழைப்பு மூன்று மாதத்துக்கு மேல் வாங்கித் தருகிறது. வளைகுடாவுக்குப் போன பெரும்பாலானவர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுப் போனது பாசம் குறைந்து அல்ல. கணக்கு அப்படித்தான் நிற்கிறது. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பில் குழந்தை வளர்வதைப் பார்ப்பதற்கு என்ன விலை போடுவது என்பதை இந்தத் தராசில் வைக்க முடியாது.

துபாயில் கவிழ்த்துவிடும் விஷயம் மாதச் செலவைவிட முதல் மாதச் செலவு. வாடகை மாதாமாதம் கட்டுவதில்லை, ஆண்டு வாடகையை பின்தேதியிட்ட செக்குகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நான்கு செக் என்றால் முதல் செக் 16,250. டெபாசிட் 5%, புரோக்கர் 5%, இரண்டுக்கும் சேர்த்து 6,500. தேவா டெபாசிட் 2,000, எஜாரி என்னும் வாடகை ஒப்பந்தப் பதிவு, கொஞ்சம் தட்டுமுட்டுச் சாமான் என்று முதல் சம்பளம் வருவதற்குள் 25,000 திர்ஹாமைத் தாண்டும். ஆறு லட்சம் ரூபாய். ஊரில் பெர்சனல் லோன் எடுத்துப் போகிறவருக்கு முதல் இரண்டு ஆண்டு மிச்சம் அந்தக் கடனை அடைக்கவே சரி. குறைந்த செக்குகளுக்கு வாடகை குறையும், பன்னிரண்டு செக் என்றால் ஏறும். பேரம் பேசுவதற்கு முன் கையிருப்பைப் பாருங்கள். வாடகை மலிவு என்று ஷார்ஜாவுக்குப் போகிறவர்கள் அல் இத்திஹாத் சாலையின் காலை நெரிசலையும், சாலிக் சுங்கத்தையும், அதற்காகவே வாங்கும் காரின் தவணையையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்திருக்கும்.

திர்ஹாமுக்கு ஒரு வலு உண்டு. ஒரு டாலருக்கு 3.6725 என்று 1997-லிருந்து கட்டப்பட்ட நாணயம் அது. 2015-இல் டாலர் 64 ரூபாயைச் சுற்றி இருந்தபோது திர்ஹாம் 17 ரூபாய் சொச்சம். 2025 கடைசியில் டாலர் 90-ஐ ஒட்டி வந்தபோது 24 ரூபாய்க்கு மேல். சம்பள உயர்வே இல்லாவிட்டாலும் ஊருக்கு அனுப்பும் மிச்சம் ஆண்டுக்குச் சுமார் 3.5% வளர்ந்தது என்று பொருள். ஊர் விலைவாசி அதைவிடச் சற்று வேகமாக ஓடுவதால் இதை லாபம் என்று எண்ணிவிடக் கூடாது, தடுப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சிங்கப்பூர்: மாதம் 7,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)

வரி குறைவு, ஆனால் கண்ணில் படாத வரி. சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு மொத்தமாகப் பில் வரும். ஆண்டுக்கு 90,000 வெள்ளி, வருமானம், மனைவி, குழந்தைக்கான கழிவுகள் 7,000 போக 83,000 என்றால் வரி 3,695. மாதம் 308 வெள்ளியைத் தனியே எடுத்து வைக்காதவருக்கு அந்தப் பில் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். வேலையை விட்டு நாட்டைவிட்டுக் கிளம்பும்போது, வரித் தீர்வு முடியும் வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்தி வைக்கும் என்பதும் பலருக்குக் கடைசி மாதத்தில்தான் தெரியவருகிறது.

வேலை அனுமதியில் இருப்பவருக்கு மத்திய சேம நிதி இல்லை. அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். பிஎஃப் மாதிரி கட்டாயச் சேமிப்பு ஏதும் இல்லை என்பதால் மிச்சம் முழுவதும் உங்கள் கட்டுப்பாட்டைப் பொறுத்தது.

உட்லண்ட்ஸ், ஈசூன் பக்கம் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு 2,600, கரண்ட் தண்ணீர் 180, போன் இணையம் 80, அனைத்துலகப் பள்ளி 1,500, சாப்பாடு மளிகை 900, எம்ஆர்டி ரயில், பேருந்து 250, மருத்துவம் 200, விமான டிக்கெட் 150, மற்றவை 400. வரியோடு சேர்த்து 6,568. மிச்சம் 932 வெள்ளி. 68 ரூபாய் வீதம் 63,000. கோவைச் செலவால் வகுத்தால் சரியாக 1. குழந்தை இன்னும் பள்ளி வயதுக்கு வராவிட்டால் 1,500 வெள்ளியும் மிச்சமாகி, விகிதம் 2.6 ஆகிவிடும். குழந்தை பிறந்த கையோடு போய், பள்ளிப் பருவம் தொடங்கும்போது திரும்புகிறவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்தோ தெரியாமலோ சரியாகப் போட்டவர்கள். கார் ஆசை உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம். கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ் மட்டுமே 2025-இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டி ஏலம் போனது.

மனைவியின் சம்பளம்

இதுவரை போட்ட எல்லாக் கணக்கையும் புரட்டிப்போடக்கூடியது இது. மனைவி கோவையில் மாதம் 40,000 சம்பாதிக்கிறார் என்றால் கோவைக் குடும்பத்தின் மிச்சம் 90,000. சிங்கப்பூரில் சார்ந்தோர் அனுமதியில் போனால் அவர் நினைத்தபடி வேலை செய்ய முடியாது. 2021 மே மாதத்திலிருந்து தனக்கென்று ஒரு வேலை அனுமதி வாங்கியாக வேண்டும். கிடைக்காவிட்டால் 90,000 ரூபாயை விட்டு 63,000 ரூபாய்க்குப் போனதாகவே கணக்கு. துபாயில் கணவரின் விசாவில் இருந்தபடியே, வேலை தரும் நிறுவனம் அனுமதி எடுத்துக் கொடுத்தால் போதும். அந்த வகையில் துபாய் இளகியது. குழந்தை காப்பகச் செலவு இரண்டு இடத்திலும் உண்டு.

அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்கு, கிரீன் கார்டு வழியில் ஐ-140 என்னும் மனுவுக்கு ஒப்புதல் வந்த பிறகே பெரும்பாலும் வேலை அனுமதி. அமெரிக்காவுக்குள்ளேயே ஊர் வித்தியாசம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு. கலிஃபோர்னியா வளைகுடாப் பகுதியில் 1,50,000 டாலர், டெக்சாஸ் டாலஸில் 1,20,000 டாலர். 2025 விகிதப்படி, தம்பதியாகக் கணக்குக் காட்டினால், முதலாவதில் மத்திய வரி 15,898, சமூகப் பாதுகாப்பும் மெடிகேரும் 11,475, மாநில வரி சுமார் 6,000, மாநில ஊனமுற்றோர் காப்பீடு 1,800. கைக்கு வருவது 1,14,800. டெக்சாஸில் மாநில வருமான வரியே இல்லை. மத்திய வரி 10,143, சமூகப் பாதுகாப்பு 9,180 போக 1,00,700. சம்பள வித்தியாசம் 30,000. கையில் வித்தியாசம் 14,100, மாதம் 1,175 டாலர். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் வாடகைக்கும் டாலஸ் புறநகர் வாடகைக்கும் உள்ள இடைவெளியே அதை விழுங்கிவிடும். ஆனால் டாலஸில் இரண்டு கார் இல்லாமல் குடும்பம் ஓட்டுவது கடினம். வீடு வாங்கினால் சொத்து வரி கடித்துவிடும். அரசுப் பள்ளி இலவசம் என்பதால் சிங்கப்பூர், துபாய்க் கணக்கில் பெரிதாக நின்ற பள்ளிச் செலவு இங்கே இல்லை.

கடிதத்தில் கையெழுத்திடும் முன்

இந்தியக் கடிதத்தில் நான்கு எண்ணைத் தேடுங்கள்: பேசிக், நிறுவனத்தின் பிஎஃப், வேரியபிள், ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்கும் காலம். பிஎஃப்பைச் சில நிறுவனங்கள் மாதம் 1,800 ரூபாயோடு நிறுத்திவிடும். கைக்கு வருவது கூடும், கட்டாயச் சேமிப்பு குறையும், 8.25% வட்டியை விட்டுவிட்டு அந்தப் பணத்தை வேறெங்கே போடுவது என்று தெரிந்தவருக்கு மட்டும் அது நல்லது. போனஸ் 3 லட்சம் கொடுத்து ஓராண்டுக்குள் போனால் திருப்பித் தா என்று எழுதியிருந்தால், வரி போகக் கையில் வந்தது குறைவாக இருக்க, முழுத் தொகையையும் கேட்பார்கள். வரி போனதையா, போகாததையா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாடு போகிறவர்கள் ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிடக் கூடாது. வெளிநாட்டில் வசிப்பவர் என்ற தகுதி வந்ததும் அதை என்ஆர்ஓ கணக்காக (இந்தியாவில் வரும் பணத்துக்கானது) மாற்றி, சம்பளத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டு வருமானத்துக்கானது) திறக்க வேண்டும். என்ஆர்இ வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்ஆர்ஓ வட்டியில் 30% மூலத்திலேயே பிடித்துவிடுவார்கள். வேலைக்காகப் போகும் ஆண்டில், அந்த நிதியாண்டில் இந்தியாவில் இருந்த நாட்கள் 182-ஐ எட்டிவிட்டால் அந்த ஆண்டின் துபாய்ச் சம்பளத்துக்கும் இங்கே வரி கட்ட வேண்டும். ஆகவே நவம்பரில் கிளம்புவதும் செப்டம்பரில் கிளம்புவதும் ஒன்றல்ல.

துபாய்க் கடிதத்தில் மொத்தச் சம்பளத்தைவிட அதன் பிரிவைப் பாருங்கள். கிராஜுவிட்டி பேசிக்கின்மேல் மட்டும்தான். 14,000-இல் பேசிக் 7,000 என்றால் ஆண்டுக்கு 4,900 திர்ஹாம் சேரும். பேசிக் 4,000, மற்றதெல்லாம் படி என்று எழுதியிருந்தால் 2,800. ஐந்து ஆண்டில் 10,500 திர்ஹாம், இரண்டரை லட்சம் ரூபாய் வித்தியாசம். ஐந்து ஆண்டுக்குப் பிறகு 21 நாள் 30 நாளாகும் என்பதால் இடைவெளி இன்னும் விரியும். மொத்தத்தைக் கூட்டச் சொன்னால் முகம் சுளிக்கும் நிறுவனம்கூட, மொத்தம் மாறாமல் பேசிக்கை மட்டும் ஏற்றித் தரச் சொன்னால் பல நேரம் இசையும். அதைக் கேட்க வேண்டியது கையெழுத்துக்கு முன்புதான். ஒப்பந்தம் பதிவான பிறகு மாற்ற மனம் வராது.